நான் ஆடிய நண்டாட்டம்

என்னோடு சேர்ந்து பல் விழுந்தவர்களே, காரைக்கால்மேட்டில் மிச்சமிருக்கிற என் வயசுக்காரர்களே, நேற்று விடியற்காலையில் படகுக்குப் போன பசங்களை ஏலக்கூடத்துப் பக்கம் நின்று பின்னாலிருந்து "ஏய்" என்று கூப்பிட்டவன் நான்தான். யாரோ பைத்தியம் என்று நீங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. யாரோ இல்லை, நான்தான். பைத்தியம் என்கிற வரைக்கும் சரி.

எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பி நின்றான். "யோவ் தாத்தா, போறவனப் பின்னால கூப்புடாதன்னு எத்தன தடவ சொல்றது? ஒன் வாயில மண்ண அள்ளிப் போட."

"அள்ளிப் போடுடா. கெடக்குற நாலு பல்லுக்குப் பல்பொடியா ஆவும்" என்றேன்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போனான். இப்போது செல்போனில் எச்சரிக்கை வருகிறது, மைக்கில் சொல்கிறார்கள், கொடி ஏற்றுகிறார்கள். இத்தனை இருக்கும்போது இந்தக் கிழவன் ஏன் கத்துகிறான் என்று நீங்கள் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஏதாவது கோமாளித்தனமாகச் சொல்லி மழுப்பியிருப்பேன். இன்றைக்கு மழுப்பவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐப்பசி மாதம். மேட்டில் ஒரு கல் வீடுகூடக் கிடையாது, எல்லாம் கீற்றுக் கொட்டகை. ஊருக்குக் கடைசி வரிசை எங்களுடையது, கடலுக்கு முதல் வரிசை. அப்பா நான் தவழ்கிற காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா தலையில் கூடை வைத்துக் காரைக்கால் தெருக்களில் மீன் விற்றாள். எங்களோடு இருந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. பக்கத்துக் கொட்டகையில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. கட்டுமரம் பெரியப்பாவுடையது. அவரும் மாமாவும்தான் அதில் போவார்கள்.

மாமாவுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். பாழாய்ப்போன இந்த வாய் எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான். மழையில் நனைந்து, விற்காத மீனோடு அம்மா சிடுசிடுவென்று திரும்பி வருவாள். மாமா கூடைக்குள் எட்டிப் பார்த்து, "என்னாக்கா, இந்தச் சங்கரா ஒன்ன விட்டுப் பிரிய மாட்டேங்குது. பேசாம நம்ம பயலுக்கே கட்டி வச்சிருவமா?" என்பார். அம்மாவுக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் மேலே ஏறி இருக்கும். அது தெரிய அவள் சிரித்தது மாமா இருந்தவரைக்கும்தான்.

பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. வாத்தியார் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். "நாங்க காலையில குந்துற பக்கம் சார்" என்றேன். பதில் சரிதான். அடி மட்டும் ஏன் விழுந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு வந்த ஒரே படிப்பு நண்டு. குழம்பு வைக்கிற நண்டு இல்லை. கரையில் குழி தோண்டிக்கொண்டு, வெளுத்த உடம்போடு, கண்ணைக் குச்சிமேல் வைத்த மாதிரி தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடுமே, அந்தக் குழிநண்டு. எந்தக் குழி புதுசு, எந்தக் குழி வெறுங்குழி, எவ்வளவு தோண்டினால் உள்ளே இருக்கிற ஆள் கையைக் கடிப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சாயங்காலம் வலை தைக்கிற இடத்தில் நண்டு மாதிரி நடந்து காட்டுவேன். இரண்டு கையையும் தூக்கி, விரல்களைக் கொடுக்காக்கி, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் ஓடி, டக்கென்று நின்று கண்ணை உருட்டுவேன். ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நண்டாட்டம் என்று அதற்குப் பேர் வைத்தவர் மாமாதான்.

அந்த ஐப்பசியில் என்னிடம் ஒரு பித்தளை விசில் இருந்தது. அம்மாவிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, பிள்ளைக்குக் கொடு என்று கொடுத்தது. உள்ளே தக்கை உருண்டை ஒன்று உருளும். வாயில் வைத்தால் புளிக்கும். ஊதினால் மேட்டு நாய்கள் எல்லாம் எழுந்து நிற்கும். தூங்கும்போதும் அதைக் கையில் பிடித்திருப்பேன்.

கடலுக்குப் போகிறவனைப் பின்னால் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டால் அவன் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் ஆறிவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். தாலியறுத்தவள் அவன் எதிரே வரவே கூடாது. அதனால் மாமா துடுப்பைத் தோளில் போட்டதும் அம்மா உள்ளே போய்த் தட்டிக்குப் பின்னால் நின்றுகொள்வாள். சொந்தத் தம்பி கடலுக்குப் போவதைத் தட்டியின் ஓட்டை வழியாகத்தான் பார்ப்பாள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதியை இன்னும் வைத்திருக்கிறோம், மீதியை மறந்துவிட்ட மாதிரி நடிக்கிறோம்.

ஒருநாள் காலை அவர்கள் இருவரும் மணலில் பத்தடி போயிருப்பார்கள். நான் விசிலை நீட்டி ஊதி, "மாமோவ், கோமணம் அவுந்துட்டு" என்று கத்தினேன். அவிழவில்லை. ஆனால் மாமாவின் கை பின்னால் போய்த் தடவிப் பார்த்தது. கரையில் இருந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. திரும்பி வந்தார்கள், உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். அதற்குள் மற்ற மரங்கள் எல்லாம் அலையைத் தாண்டிவிட்டன. அன்றைக்குப் பார்த்துக் கானாங்கெளுத்தி கூட்டமாகக் கரையோரம் வந்திருந்தது. எல்லா மரமும் நிறைந்து வந்தது. எங்கள் மரத்தில் வந்தது குழம்புக்குக்கூடப் போதவில்லை.

பெரியப்பா என் காதைப் பிடித்து அம்மா முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "இந்தப் பயலோட வாய அடைக்காட்டி நான் மரத்த எறக்க முடியாது." என் கையைப் பிடித்து அம்மாவின் தலையில் வைத்தார். "சொல்லு. கடலுக்குப் போறவங்க முன்னால இனிமே வாயத் தொறந்தா எங்கம்மா செத்துப் போவட்டும்னு சொல்லு."

"சின்னப் பயகிட்டப் போயி இதெல்லாம் என்னா சத்தியம் மச்சான்?" என்றார் மாமா.

"நீ சும்மா இரு. நீ குடுக்குற எடந்தான் இது."

அம்மா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். வெயிலில் கூடை சுமந்து வந்த தலை, உச்சி சுட்டது. நான் சொன்னேன்.

பெரியப்பா விசிலைக் கடலில் எறியப் போனார். மாமா அதைப் பிடுங்கித் தன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். "நீ மொத மொத மரத்துல வர்றப்ப தர்றேன் மருமவனே" என்று என் காதில் சொன்னார்.

பத்து நாள் போயிருக்கும். விடிந்தும் விடியாத நேரம். காற்றே இல்லை, ஒரு கீற்று அசையவில்லை. ஆனால் அலை மட்டும் பெரிதாக, மெதுவாக, ஆள் ஓங்கி அடிக்கிற மாதிரி விழுந்தது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் ஒரு வாய்ச் சோறு தின்றுவிடலாம். "அமாவாச அலை, அப்புடித்தான் இருக்கும்" என்று பெரியப்பா மாமாவிடம் சொன்னது கேட்டது. இருவரும் வலையைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா உள்ளே போய் நின்றாள். பழைய சோற்றுப் பானையின் சரிந்திருந்த மூடியை எடுத்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

பானைக்குள் நண்டு.

விறகுக்கட்டில் நாலைந்து. அடுப்புக்குள் ஒன்று, சாம்பல் பூசிக்கொண்டு. நான் பின்பக்கம் ஓடிப் பார்த்தேன். மணலில் படர்ந்த அடம்பங்கொடி முழுக்கச் சரசரவென்று சத்தம். நூறு இருக்கும், இருநூறு இருக்கும், எல்லாம் மேற்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. கடல் பக்கம் ஓடினேன். தண்ணீர் ஓரத்துக் குழிகள் ஒன்றுவிடாமல் அடைத்துக் கிடந்தன. என்னை மாதிரி நண்டுப் பைத்தியம் தவிர வேறு யார் கண்ணிலும் அது படாது. எனக்கு ஒன்றும் பெரிய ஞானம் வந்துவிடவில்லை. நண்டு என்னைப் பார்த்து ஓடும், நாயைப் பார்த்து ஓடும். கடலைப் பார்த்து ஓடி நான் அதுவரை கண்டதில்லை.

அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. "எங்கப்பாரு நண்டு மேடேறுனா மரத்த எறக்க மாட்டாரு. போயி சொல்லுடா."

"நீ சொல்லும்மா."

"நான் எதுக்க போயி நின்னா நான் வந்ததத்தான் பாப்பாவோ. நான் சொல்றது காதுல ஏறாது. நீ சுத்திக்கிட்டு ஓடி முன்னால நில்லு. ஓடு."

"சொன்னா நீ செத்துருவியேம்மா."

"செத்தா செத்துட்டுப் போறேன். அவன நிறுத்துடா."

ஓடினேன். காயப்போட்ட வலைகளைச் சுற்றிக்கொண்டு போய், தண்ணீர் ஓரத்தில் அவர்களுக்கு முன்னால் நின்றேன். மரத்தைத் தள்ளக் குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். வாயைத் திறந்தேன். உள்ளங்கையில் அம்மாவின் உச்சிச் சூடு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கையைத் தூக்கினேன். விரல்களைக் கொடுக்காக்கினேன். முழங்காலை மடக்கி, தண்ணீர் ஓரத்திலிருந்து மேட்டைப் பார்த்து ஓடினேன். திரும்பி வந்து மறுபடி ஓடினேன். கடலைக் காட்டிக் கண்ணை உருட்டினேன், குழிக்குள் மண்ணைத் தள்ளி மூடினேன், மறுபடி மேட்டுக்கு ஓடினேன். மூன்று தடவை, நான்கு தடவை. அழுதுகொண்டே ஓடினேன், மூக்கு ஒழுக ஓடினேன். அப்படி ஒரு நண்டாட்டம் அதற்கு முன்னாலும் நான் ஆடியதில்லை, அதற்குப் பிறகும் ஆடியதில்லை.

அவர்கள் சிரித்தார்கள். பத்து நாளாக என்னோடு பேசாத பெரியப்பாகூடச் சிரித்துவிட்டார். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார். அரைஞாண் கயிற்றில் விசில் ஆடியது.

"அழுவுற நண்ட இன்னைக்குத்தான் மச்சான் பாக்குறேன்" என்றார். என் கன்னத்தைத் தன் ஈரக்கையால் துடைத்தார். "மிச்ச ஆட்டத்த வந்து பாக்குறேன் மருமவனே."

மரம் அலையைத் தாண்டியது.

கொட்டகைக்குத் திரும்பினேன். அம்மா தட்டிக்குப் பின்னால் அப்படியே நின்றாள். "சொன்னியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"என்ன சொன்னாவோ?"

"சிரிச்சாங்க."

இரண்டாவது சொன்னது மட்டும் உண்மை.

மத்தியானத்துக்குள் காற்று வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள் என்று மறுநாள்தான் மேட்டுக்குத் தெரிந்தது. டீக்கடை ரேடியோ ரிப்பேருக்குப் போயிருந்த வாரம் அது. அன்றைக்கு இறங்கியது மூன்று மரம். மற்ற இரண்டும் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டன. எங்களை எல்லாம் ஊருக்குள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். என்னை அடித்த வாத்தியாரே கஞ்சி ஊற்றினார். நனைந்த சாக்கு நாற்றமும், கூரையில் மழைச் சத்தமும், நூறு பேரின் இருமலும். யாரும் என்னை ஆடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பெரியப்பா தெற்கேயிருந்து நடந்து வந்தார். உப்பில் ஊறித் தோல் உரிந்திருந்தது. மாமா வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

அம்மா மண்ணில் புரண்டு அழுதாள். "புள்ள வந்து சொல்லியும் கேக்காமப் போனியேடா பாவி. சிரிச்சுக்கிட்டுப் போனியேடா." ஊரே அதைக் கேட்டது. பெரியப்பாவும் கேட்டார். பயல் சொல்லவில்லை, ஆடத்தான் செய்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் காலடியிலேயே கிடந்து வளர்ந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் அம்மா தம்பிக்கு இலை போட்டுப் படைப்பாள். திட்டிக்கொண்டேதான் படைப்பாள். "சொல்பேச்சு கேக்காதவனே, தின்னு." நான் பக்கத்தில் உட்கார்ந்து வடையை எப்போது எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்த வடை தொண்டையில் இறங்கியிருக்காது. இறங்கியது.

இருபது வருஷம் கழித்துப் பெரியப்பா கால் வீங்கிப் படுத்துவிட்டார். நான்தான் தினம் முகம் மழித்துவிடுவேன். ஒருநாள் பகல் பதினொரு மணி இருக்கும். வலைக் கொட்டகை நிழலில் கட்டில். ஒரு கன்னம் முடிந்திருந்தது.

"அன்னைக்கு நீ ஆடுன பாரு" என்றார்.

"என்னைக்குப் பெரியப்பா?"

"என்னைக்குன்னு ஒனக்குத் தெரியும்."

சவரக்கத்தியை எடுத்துவிட்டேன்.

"வலையப் போடுற வரைக்கும் ஒன் மாமன் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். அப்புறம் சட்டுன்னு நிறுத்திட்டான். 'மச்சான், பய ஆடல. சொல்லிருக்கான். நண்டு மேடேறுதுன்னு சொல்லிருக்கான். வலைய அறுத்து விட்டுட்டுத் திரும்பிருவோம்'னான். பக்கத்து மரமெல்லாம் திரும்புது. நாந்தான், போட்ட வலைய இழுத்துட்டுப் போவலாம்னேன். கானாங்கெளுத்திய விட்ட எரிச்சல் எனக்கு."

கத்தியைத் துண்டில் துடைத்தேன். அவரே சொன்னார்.

"மரம் பிரிஞ்சு போச்சு. எனக்கு ஒரு கட்ட, அவனுக்கு ஒரு கட்ட. அவன் எனக்குப் பின்னால கெடந்தான். ஒன் விசில ஊதிக்கிட்டே இருந்தான். இஞ்ச இருக்கேன், இஞ்ச இருக்கேன்னு. திரும்புனா கை நழுவிப் போவும்னு நான் திரும்பல. ரொம்ப நேரம் ஊதுனான். அப்புறம் இல்ல."

கடைசியில், "நீ வாயத் தொறக்கலன்னு நான் ஒங்கம்மாகிட்டச் சொல்லல. நீயும் இத அவகிட்டச் சொல்லாத" என்றார்.

மறு கன்னத்தையும் மழித்து முடித்தேன். ஒரு கீறல் விழவில்லை. கத்தியைக் கழுவி மடக்கி வைத்துவிட்டு, கரையில் போய்ச் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். என் வாயை இரண்டாவது தடவையாக அடைத்துவிட்டார்.

அம்மா எண்பதைத் தாண்டி இருந்தாள். சத்தியம் காப்பாற்றிய பலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டில்தான் போனாள். கடைசி அமாவாசைக்கும் தம்பியைத் திட்டித்தான் படைத்தாள். அன்றைக்கு நான் பக்கத்தில் போய், "அம்மா, அந்தக் காலையில" என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் காலையில பானையில இருந்த நண்டு ஒன்ன மாதிரியே மொறச்சுதும்மா" என்று முடித்தேன். "ஒனக்கு எல்லாம் வெளையாட்டுதான்" என்றாள். அறுபது வருஷமாக எல்லோரையும் சிரிக்க வைத்த வாய்க்கு அவளிடம் ஒரு உண்மையைச் சொல்ல வரவில்லை.

அவளும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். அடங்காத பிள்ளைகளைத் திட்டும்போது நீங்கள் இன்னும் என் மாமாவை இழுக்கிறீர்கள். "அக்கா புள்ள சொல்லியும் கேக்காமப் போனான் பாரு, அந்த மாதிரிப் போவ" என்கிறீர்கள். போன வாரம்கூட உங்களில் ஒருத்தர் பேரனிடம் சொன்னதைக் கேட்டேன். இனிமேல் சொல்லாதீர்கள். அவர் சொல்பேச்சு கேட்காதவர் இல்லை. நான் சொல்லாததைக்கூடக் கேட்டவர்.

நாளைக் காலையிலும் ஏலக்கூடத்துப் பக்கம் நிற்பேன். பின்னாலிருந்து கூப்பிடுவேன். பசங்கள் திட்டட்டும், நீங்களும் சேர்ந்து திட்டுங்கள். திட்டுகிறவன் நின்று திரும்பிப் பார்க்கிறான். சிரித்துக்கொண்டு போகிற முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.